உருவும் கையும் நாரிப்பிடிப்பும்

கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் செய்கிற நம்மட ஆக்களுக்கும் அவ்வூர்த் தமிழ்ச் சகோதரர்களுக்கும் பொதுவான வருத்தம் நாரிப்பிடிப்பு. (இலக்கியத்தில் நாரி என்றால் பெண்; நமக்கோ இடுப்பின் பின்பக்கம்.) மருந்தும் பொதுதான்: எண்ணெய் போட்டு உருவுதல். சித்த மருத்துவம் இதைத் தொக்கணம் என்று சொல்லி, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என 9 முறைகளாக வகுத்திருக்கிறது.

உருவினால் சுகம் வருமா? 2015இல் கொக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 25 பரிசோதனைகளை, 3,096 பேரின் விபரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சை பெறாதவர்களைவிட உருவிக்கொண்டவர்களுக்குக் கொஞ்ச நாளைக்கு நோ குறைந்திருந்தது. நாள் போகப் போக அந்த வித்தியாசம் நிற்கவில்லை. அதுவும் உறுதி குறைந்த சான்றுதான். தன்னை உருவுவது தனக்கே தெரியாதபடி ஒருவரைப் பரிசோதிக்க முடியுமா என்ன?

"நரம்பு விலகிட்டு, ஏத்தி விடணும்" என்பார்கள். பெரும்பாலான நாரிநோவில் நரம்பும் விலகுவதில்லை, எலும்பும் விலகுவதில்லை. கை பட்டதும் இறுக்கம் இளகுகிறது, பயம் தணிகிறது, நோவு உறைப்பது குறைகிறது, அவ்வளவே. ஆனால் விலகிட்டு என்று நம்பியவர் பாயை விட்டு எழும்பமாட்டார். கிடக்கக் கிடக்க நோவு நாட்படும். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட நாரிநோவுக்கு வெளியிட்ட வழிகாட்டலில் உருவுதலும் இருக்கிறது, உடற்பயிற்சியும் இருக்கிறது. இடுப்புப்பட்டி வேண்டாம் என்கிறது.

நாரிநோவோடு கால் மரத்துச் சோர்ந்தால், சிறுநீர் அடைபட்டால், உருவக் கொடுக்கவே கூடாது. அன்றைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பாதைக்குக் காத்து நின்ற காலம் போய், 2014இலேயே மண்முனைப் பாலம் வந்துவிட்டது.