சிவப்பு மூடியா? ஆரஞ்சு மூடியா? வீட்டில் இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் கவனத்துக்கு!

லெனார்டு தாம்சன் என்று ஒரு பையன். வயது 14. கனடா நாட்டில் டொரோண்டோ நகரத்து ஆஸ்பத்திரியில், சர்க்கரை வியாதியால் எலும்பும் தோலுமாகி, சாகக் கிடந்தான். 1922-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு புது மருந்தை அவனுக்கு ஊசியில் ஏற்றினார்கள். பையன் பிழைத்துக் கொண்டான்! மேலும் 13 ஆண்டுகள் உயிரோடு இருந்தான்.

அந்த மருந்துதான் இன்சுலின். இதை விழுங்கினால் வயிற்றில் ஜீரணமாகி வீணாகிவிடும். ஆகவேதான் ஊசி. அதுவும் தினமும் போட வேண்டும். தினமும் டாக்டரிடம் ஓட முடியுமா? தாய்க்கு மகள் போடுகிறாள். கணவருக்கு மனைவி போடுகிறாள்.

குத்துவதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது அதற்கு அல்ல, மருந்தின் அளவுக்கு!

எண்ணைப் படியுங்கள்!

நம் நாட்டுக் கடைகளில் இரண்டு வகை இன்சுலின் புட்டிகள் கிடைக்கின்றன. ஒன்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் மருந்து. மற்றொன்றில் 100 யூனிட். 40-க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. வேறு நிறமே கிடைக்கவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது! விளக்கு வெளிச்சத்தில் வயதானவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். புட்டியில் உள்ள எண்ணும், சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

மாறினால் என்ன ஆகும்? டாக்டர் சொன்னது 20 யூனிட் என்று வைத்துக் கொள்வோம். 40 சிரிஞ்சில் 20-வது கோடு என்பது அரை மில்லி. அதில் 100 மருந்தை எடுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட்! இரண்டரை மடங்கு! சர்க்கரை மளமளவென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், நினைவு தப்பும். உயிருக்கே ஆபத்து.

எதிர்ப்பக்கமாக மாறினால் 8 யூனிட்தான் போகும். "ஊசி போட்டும் சர்க்கரை குறையவில்லையே!" என்று டாக்டரைக் குறை சொல்வோம்.

கடைக்கு ஆள் அனுப்பும்போது காலிப் புட்டியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

குத்தும் இடம்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பால்போல் கலங்கலான இன்சுலின் என்றால், உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டுங்கள். குலுக்க வேண்டாம். தொப்புளுக்கு இரண்டு அங்குலம் தள்ளி, வயிற்றுத் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் குத்துங்கள். மருந்து இறங்கியதும் பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். தேய்க்காதீர்கள்.

சிலர் ஒரே இடத்தில் குத்திக் கொண்டே இருப்பார்கள். அங்கே கட்டி விழுந்து வலி மரத்துப் போகும். வலிக்கவில்லையே என்று மறுபடியும் அங்கேயே குத்துவார்கள்! கட்டியில் போட்ட மருந்து சரியாக ஏறாது. தினமும் ஒரு விரல் தள்ளிப் போடுங்கள்.

சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் என்றால், போட்ட பிறகு சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள். வியர்த்து நடுங்கினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கி விட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரை ஏறிவிடும்! ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

போட்டு முடித்த ஊசியைக் குப்பையில் எறியாதீர்கள். குப்பை அள்ளுகிறவர் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். நிறைந்த டப்பாவை எங்கே கொடுப்பது என்று உங்கள் ஆஸ்பத்திரி நர்சிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.