உள்ளூர்ப் பாடல்களுக்கு இணைய விளம்பரம்: எந்தச் சேவைக்கு எவ்வளவு செலவு?

கோலாலம்பூர் – பிரிக்பீல்ட்சிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் கடை வாசலில் ஒலிபெருக்கி வைத்துக் குறுந்தட்டு விற்ற காலத்தில், ஒரு பாடல் தொகுப்புக்கு எவ்வளவு செலவாகும் என்பது தயாரிப்பாளருக்கு முன்கூட்டியே தெரியும். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இவ்வளவு, தட்டு அச்சடிக்க இவ்வளவு, கடைக்காரருக்குக் கழிவு இவ்வளவு. விற்காமல் போனால் மீதித் தட்டுகள் வீட்டு வரவேற்பறையில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். நட்டம் கண்ணுக்குத் தெரியும். யோகி பி – நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' 2006இல் வெளிவந்தபோதும் நிலைமை ஏறக்குறைய இதுதான்.

2013 ஏப்ரலில் ஸ்போட்டிஃபை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கால் வைத்தது. இன்று ஒரு பாடலை வெளியிடத் தட்டும் வேண்டாம், கடையும் வேண்டாம். ஆனால் செலவு குறைந்துவிட்டதா என்றால், அதற்கு உடனே பதில் சொல்ல முடியாது. முன்பு ஒரே இடத்தில் போன பணம் இப்போது மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா, விளம்பரம், கழிவு, வரி எனப் பல ஓட்டைகள் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் போகிறது. வீட்டு அறையிலேயே ஒலிப்பதிவு செய்து, இரண்டு மூன்று பாடகர்களை வைத்துக்கொண்டு இயங்கும் சிறிய இசை வெளியீட்டு நிறுவனங்கள்தாம் இதில் அதிகம் சிக்கிக்கொள்கின்றன.

கீழே வரும் கணக்குகளில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4 ரிங்கிட் 30 சென் என வைத்துக்கொள்ளப்பட்டுள்ளது. நாணய மாற்று விகிதமும் இந்தச் சேவைகளின் கட்டணமும் அவ்வப்போது மாறும். பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த நிறுவனத்தின் விலைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் செலவு: கடையில் பாட்டை ஏற்றுவது

ஸ்போட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களில் ஒரு சிறிய நிறுவனம் நேரடியாகப் பாடலை ஏற்ற முடியாது. நடுவில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். நம்மவர்கள் அதிகம் பெயர் சொல்லும் டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி ஆகிய மூன்றும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. இவற்றை விளம்பர நிறுவனங்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. இவை பாடலைக் கடை அலமாரியில் அடுக்கி வைக்கும். யாரையும் கையைப் பிடித்து இழுத்து வந்து கேட்க வைக்காது.

டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா முறையில் இயங்குகிறது. ஒரே கலைஞருக்கான அடிப்படைத் திட்டம் ஏறக்குறைய 25 டாலர், அதாவது 107 ரிங்கிட் அளவில். ஆண்டு முழுவதும் எத்தனை பாடல் வேண்டுமானாலும் ஏற்றலாம். தளங்கள் தரும் வருமானத்தில் கழிவு எடுப்பதில்லை. கேட்க மலிவாக இருக்கிறது. ஆனால் அந்த அடிப்படைத் திட்டத்தில் பாடல் வெளியாகும் தேதியை நாமே குறிக்க முடியாது, நம் நிறுவனத்தின் பெயரையும் போட முடியாது. இந்த இரண்டும் இல்லாமல் ஓர் இசை நிறுவனம் எப்படி இயங்கும்? எனவே அடுத்த படிக்கு ஏற வேண்டும். இரண்டு கலைஞர்களுக்கான திட்டம் ஏறக்குறைய 45 டாலர், 193 ரிங்கிட். ஐந்து கலைஞர்கள் என்றால் 90 டாலர் அளவில் தொடங்குகிறது.

சிடி பேபி வேறு வழியில் போகிறது. ஒரு தனிப் பாடல் வெளியீட்டுக்கு ஒரே முறை 9 டாலர் 99 சென், அதாவது 43 ரிங்கிட். ஆண்டுச் சந்தா இல்லை. பதிலுக்கு வருமானத்தில் 9 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும். முன்பு ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனியாக ஆண்டுக் கட்டணம் வாங்கிய டியூன்கோர், 2022இல் வரம்பற்ற ஆண்டுச் சந்தா முறையைக் கொண்டு வந்தது.

எது மலிவு? மாதம் ஒரு பாடல் வெளியிடும் நிறுவனமாக இருந்தால் சிடி பேபிக்கு ஆண்டுக்கு 516 ரிங்கிட் ஆகும். டிஸ்ட்ரோகிட்டில் 193 ரிங்கிட்டோடு முடியும். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, நடுவில் ஒன்று என ஆண்டுக்கு மூன்றே பாடல் வெளியிடும் நிறுவனத்துக்கு நிலைமை தலைகீழ். ஐந்தாண்டுகளில் 15 பாடல். சிடி பேபியில் 645 ரிங்கிட்டும் 9 விழுக்காட்டுக் கழிவும் போகும். டிஸ்ட்ரோகிட்டில் ஐந்தாண்டுச் சந்தா 960 ரிங்கிட்டைத் தாண்டிவிடும்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சந்தா முறையில் ஓர் ஆண்டு பணம் கட்டாமல் விட்டால் பாடல்கள் தளங்களிலிருந்து இறக்கப்பட்டுவிடும். நிறுவனத்தை நடத்தியவர் வேலை மாறலாம், நோய்வாய்ப்படலாம், கடன் அட்டை காலாவதியாகலாம். காரணம் எதுவானாலும் பாடகரின் பாட்டு காணாமல் போய்விடும். சந்தா நின்றாலும் பாடல் நிலைத்திருக்க டிஸ்ட்ரோகிட் தனிக் கட்டணம் வாங்குகிறது. ஒரு தனிப் பாடலுக்கு 29 டாலர். மேலே சொன்ன 15 பாடலுக்கும் கட்டினால் 1,870 ரிங்கிட் வரும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பாடத் தொடங்கி, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதல் பாட்டைப் பதிவு செய்த ஒரு பிள்ளைக்கு, அந்தப் பாட்டு ஐந்தாண்டு கழித்தும் தேடினால் கிடைக்குமா என்பது சின்ன விஷயமன்று. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். கேட்பவர் குறைவு.

கேட்க வைக்கும் செலவு

ஸ்போட்டிஃபையின் சொந்தப் பட்டியல் தொகுப்பாளர்களுக்குப் பாடலைப் பரிந்துரைக்க எந்தக் கட்டணமும் இல்லை. கலைஞர்களுக்கான ஸ்போட்டிஃபை கணக்கைத் திறந்து, வெளியாகாத பாடலைக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால், தொகுப்பாளர் தேர்ந்தெடுக்காவிட்டாலும் அந்தக் கலைஞரைப் பின்தொடர்பவர்களின் வாராந்திரப் புதுப்பாடல் பட்டியலில் பாடல் சேரும். பணம் வாங்கிக்கொண்டு ஸ்போட்டிஃபையின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் நுழைத்துவிடுகிறேன் என்று யாராவது புலனத்தில் சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். அப்படி ஒரு விற்பனையே கிடையாது.

அதே நிறுவனம் 2020 இறுதியில் அறிமுகப்படுத்திய டிஸ்கவரி மோட் என்ற வசதியில் முன்பணம் இல்லை. பாடலைப் புதியவர்களின் காதில் விழச் செய்ய முன்னுரிமை தருவார்கள். அந்த வழியாக வந்த கேட்புகளுக்கான ஒலிப்பதிவு உரிமத் தொகையில் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்வார்கள். கையில் காசு இல்லாத நிறுவனத்துக்கு இது கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் குறைவது பாடகரின் பங்கும்தான். பங்கு பிரிக்கும் ஒப்பந்தம் இருந்தால் பாடகரிடம் சொல்லிவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும்.

தனியார் பட்டியல் வைத்திருப்போரையும் வலைப்பதிவர்களையும் எட்ட சப்மிட்ஹப், குரூவர் போன்ற தளங்கள் உள்ளன. குரூவரில் ஒருவருக்கு அனுப்ப 2 யூரோ. ஏழு நாளுக்குள் பதில் வராவிட்டால் அந்தத் தொகை திரும்பக் கணக்கில் சேரும். சப்மிட்ஹப்பில் ஏறக்குறைய ஒரு டாலருக்கு ஒரு புள்ளி. ஒருவருக்கு அனுப்ப ஒன்றோ சிலவோ தேவைப்படும். 48 மணி நேரத்துக்குள் அவர் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். இரண்டிலும் காசு கொடுப்பது கேட்டுப் பதில் சொல்வதற்குத்தான், பட்டியலில் சேர்ப்பதற்கன்று. இது நேர்மையான ஏற்பாடு. நமக்குள்ள சிக்கல் வேறு. அங்குள்ள தொகுப்பாளர்களில் பெரும்பாலோர் மேலைநாட்டவர்கள். தமிழ்ச் சொல்லிசைப் பாடலை 50 பேருக்கு அனுப்பினால் ஏறக்குறைய 100 யூரோ போகும். "இசை நன்று, எங்கள் பட்டியலுக்குப் பொருந்தாது" என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வரும். தமிழ் அல்லது தென்னிந்திய இசை கேட்பவர் என்று தெளிவாகத் தெரிகிற பத்துப் பேரை மட்டும் தேர்ந்தெடுப்பது மேல்.

இந்த வரிசையில் உள்ளூர் இசைக்கு உண்மையில் அதிகம் பயன்படுவது முகநூல், இன்ஸ்டாகிராம் விளம்பரம். கிள்ளான், ஈப்போ, சுங்கைப்பட்டாணி, ஜொகூர்பாரு என ஊரைக் குறித்துக் காட்டலாம், வயதைக் குறிக்கலாம். நாளுக்கு 20 ரிங்கிட் வீதம் பத்து நாள் என்றால் 200 ரிங்கிட். அதன்மேல் சேவை வரி உண்டு. வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு மலேசியா 2020 ஜனவரி முதல் 6 விழுக்காடு வரி விதித்தது. 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. ஆக 216 ரிங்கிட்.

இங்கே ஒரு நுணுக்கம். விளம்பரம் போடும்போது "தமிழ் மொழி பயன்படுத்துவோர்" என்று தேர்ந்தெடுப்பது சரியெனத் தோன்றும். ஆனால் நம்மில் மிகப் பலர் கைத்தொலைபேசியை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறோம். மொழியை மட்டும் நம்பினால் அவர்கள் வலையில் விழமாட்டார்கள். தமிழ்த் திரைப்படம், தமிழ் வானொலி, இசையமைப்பாளர்கள் ஆகியோர்மீது ஆர்வம் காட்டுவோர் எனத் தேடுவது கூடுதல் பேரை எட்டும். இன்னொன்று, ஐபோன் செயலிக்குள்ளேயே பதிவுக்கு விளம்பரப் பணம் கட்டினால் ஆப்பிள் நிறுவனத்தின் 30 விழுக்காட்டுக் கட்டணமும் சேரும் என்று மெட்டா 2024இல் அறிவித்தது. அமெரிக்காவில் தொடங்கிப் பிற நாடுகளுக்கும் விரியும் என்பதே அறிவிப்பு. கணினியில் உலாவி வழியாகக் கட்டினால் அந்தத் தொல்லை இல்லை.

யூடியூப் விளம்பரத்தில், தாண்டிச் செல்லக்கூடிய காணொளியை ஒருவர் 30 வினாடி பார்த்தாலோ அழுத்தினாலோதான் ஒரு பார்வையாகக் கணக்காகும். காணொளி அதைவிடச் சிறியது என்றால் முழுவதும் பார்க்க வேண்டும். இதில் எண்ணிக்கை வேகமாக ஏறும். ஏறிய எண்ணிக்கை எல்லாம் இரசிகர்கள் அல்லர். இலட்சம் பார்வை, பத்துக் கருத்து என்று நிற்கும் காணொளிகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

'பத்தாயிரம் கேட்பு, 150 ரிங்கிட்'

சமூக ஊடகங்களில் இப்படிப்பட்ட தொகுப்புகள் தாராளமாக விலைக்குக் கிடைக்கின்றன. பட்டியலில் மிக மலிவாகத் தெரிவதும் இதுதான், கடைசியில் மிக அதிக விலை கொடுக்க வைப்பதும் இதுதான். அந்தக் கேட்புகள் பெரும்பாலும் மனிதக் காதில் விழுவதில்லை. கணினி நிரல்கள் ஓட்டுபவை. இத்தனை கேட்பு வாங்கித் தருகிறேன் என்று உறுதி கூறும் எந்தச் சேவையையும் பயன்படுத்தக்கூடாது என்பது ஸ்போட்டிஃபையின் விதி. 2024 முதல், ஒரு பாடலில் அப்பட்டமான போலிக் கேட்பு கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பாடலுக்காக விநியோக நிறுவனத்திடமே அபராதம் வசூலிக்கிறது. விநியோக நிறுவனம் அதைப் பாடல் உரிமையாளர் தலையில் கட்டும், அல்லது பாடலையே இறக்கிவிடும். கெட்ட பெயர் பாடகருக்கு. அவருக்குத் தெரியாமலேயே நிறுவனம் வாங்கிய தொகுப்பாக இருந்தாலும் முடிவு அதுதான்.

அதே 2024இல் வந்த மற்றொரு விதியும் சிறியவர்களை நேரடியாகத் தொடுகிறது. கடந்த 12 மாதத்தில் 1,000 கேட்பைத் தொடாத பாடலுக்கு ஸ்போட்டிஃபையில் ஒலிப்பதிவு உரிமத் தொகை கிடையாது.

தொட்டால் எவ்வளவு வரும்? நிலையான விலை எதுவும் இல்லை. கேட்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், காசு கட்டிக் கேட்கிறாரா என்பதைப் பொறுத்தது. ஆயிரம் கேட்புக்கு 1 முதல் 3 டாலர் என வைத்துக்கொண்டால், ஒரு இலட்சம் கேட்புக்கு 430 முதல் 1,290 ரிங்கிட் வரை. மலேசியச் சந்தா அமெரிக்காவைவிட மலிவு என்பதால், உள்ளூரில் கேட்கப்படும் பாட்டுக்குக் கீழ்க்கணக்கை நம்புவதே பாதுகாப்பு. ஒரு பாட்டுக்கு 1,000 ரிங்கிட் விளம்பரம் செய்து அதைக் கேட்பு வருமானத்திலேயே மீட்டுவிடலாம் என்று திட்டமிடுபவர் இந்த எண்ணை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். மேடை நிகழ்ச்சி, திருமண விருந்து அழைப்பு, குறும்படத்துக்கு இசை என வேறு வாசல் திறக்கும் என்றால் மட்டுமே அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு.

வருகிற தொகையிலும் ஒரு பிடித்தம் உண்டு. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவோடு முழுமையான இரட்டை வரி தவிர்ப்பு உடன்பாடு இல்லை. அதனால் அமெரிக்காவில் கேட்கப்பட்டதற்கான உரிமத் தொகையில் 30 விழுக்காடு வரியாகப் போகும். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பித் தராமல் விட்டால் பிடித்தம் இன்னும் பெரிதாகலாம், தொகை நிறுத்தியும் வைக்கப்படலாம். படிவம் இணையத்திலேயே சில நிமிட வேலை.

காசில்லாத வழிகள்

மின்னல் பண்பலைக்கும் ராகாவுக்கும் பாடலை அனுப்ப எந்த இடைத்தரகரும் தேவையில்லை. தெளிவான ஒலிக்கோப்பு, பாடலாசிரியர் – இசையமைப்பாளர் – பாடகர் பெயர்கள், மலேசிய ஒலிப்பதிவுத் தொழிற்சங்கமான ரிம் வழியாகவோ விநியோக நிறுவனம் வழியாகவோ பெறும் ஐஎஸ்ஆர்சி எண், இரண்டு வரி அறிமுகம். இவ்வளவு போதும். வானொலியில் ஒலிக்கும் பாட்டுக்குப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமத் தொகை பெற, மேக்ப் எனப்படும் மலேசிய இசைப் படைப்பாளர் உரிமை அமைப்பில் உறுப்பினராகிப் பாடலைப் பதிந்திருக்க வேண்டும். விநியோக நிறுவனம் இதைச் செய்து தராது. இணையத்தில் பாட்டு ஏற்றிவிட்டோம், எல்லாம் தானாக வரும் என்று இருந்துவிடுபவர்கள் இழக்கும் பணம் இது.

தீபாவளிக்குப் பாடல் வெளியிட நினைக்கும் நிறுவனங்கள் நாள் கணக்கை இப்போதே போட்டுக்கொள்ளலாம். விநியோக நிறுவனத்தின் சரிபார்ப்புக்கு ஒரு வாரம், ஸ்போட்டிஃபை பரிந்துரைக்குக் குறைந்தது ஏழு நாள், வானொலி நிலையம் கேட்டு முடிவெடுக்க அவகாசம். பண்டிகைக்கு நான்கு வாரம் முன்பே பாடல் முழுமையாகக் கையில் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஏற்றினால் இலவச வாய்ப்புகள் அடைபட்டு, விளம்பரத்துக்கு மட்டுமே வழி இருக்கும். பண்டிகைக் காலத்தில் எல்லா வணிகங்களும் விளம்பரம் போடுவதால் அதன் விலையும் அப்போதுதான் ஏறும்.