பல்லைப் பார்க்கும் செயலி: முதலில் ஆளைப் பாருங்கள்

புத்தளத்தில் கருவாட்டு மொத்த வியாபாரம் செய்யும் எனக்கும் கையடக்கத் தொலைபேசிச் செயலிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கொழும்பில் கணினித் துறையில் படித்துவிட்டு ஊர் திரும்பிய எனது சகோதரியின் மகன் ஒரு திட்டத்தோடு கடைக்கு வந்தார். கற்பிட்டி முதல் சிலாபம் வரையுள்ள கரையோர மக்கள் பல்லையும் வாயையும் காலத்துக்குக் காலம் பரிசோதித்துக்கொள்ள ஒரு செயலி. மக்களுக்கு இலவசம். தனியார் பல் சிகிச்சை நிலையங்கள் மாதக் கட்டணம் செலுத்தும். அதற்கு என்னிடம் முதலீடு கேட்டார்.

சரக்கைப் பார்க்காமல் பணம் கொடுப்பது வியாபாரியின் வழக்கமல்ல. தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கம் முழுக்க ஆங்கிலம். மின்னஞ்சல் முகவரி, இரகசிய இலக்கம், அதன் பின் 14 கேள்விகள். ஆறாவது கேள்வியோடு கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

"மாமா, இன்னும் எட்டுத்தான் இருக்கு" என்றார்.

"மகன், கடைக்கு வாற ஆளிடம் 14 கேள்வி கேட்டா அவர் அடுத்த கடைக்குப் போயிடுவார்" என்றேன்.

கடற்கரையில் ஒரு பரீட்சை

மறுநாள் கந்தக்குழிப் பக்கம் எனக்குக் கருவாடு தரும் வாடிகளுக்கு அவரை அழைத்துச் சென்றேன். ஒரு நிபந்தனை விதித்தேன். தொலைபேசியை ஆட்களின் கையில் கொடுத்துவிட்டு வாய் திறக்கக் கூடாது. பார்த்துக்கொண்டு மட்டும் நிற்க வேண்டும்.

அந்த ஒரு பகலில் அவர் கற்றுக்கொண்டவை பல. நடு வெயிலில் மெல்லிய சாம்பல் நிற எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. ஈரக் கைக்குச் சிறிய பொத்தான்கள் சரிவருவதில்லை. தமிழை நன்றாக வாசிப்பவர்கள்கூட தட்டெழுதத் தயங்குகிறார்கள். ஆனால் வட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்ப எவரும் தயங்குவதில்லை. பல வீடுகளில் தொலைபேசி ஒருவருடையதல்ல; உம்மாவுக்கும் மகனுக்கும் ஒன்றுதான். அடுத்த வாடியில் இருப்பவர்களுக்குச் சிங்களம் வேண்டும். காற்று மாறினால் வாடியே இடம் மாறும்.

எல்லாவற்றையும்விட, வயதான சம்மாட்டி ஒருவர் சொன்னதுதான் முக்கியமானது. "தம்பி, பல்லுக் கொதிச்சா நானே ஆஸ்பத்திரிக்குப் போவேன். கொதிக்காட்டி எதுக்குப் போகணும்?"

கொதிக்காத நோய்

அவரது கேள்வி நியாயமானதே. ஆனால் வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் கொதிப்பதில்லை. ஒரு வெள்ளைத் தழும்பு, ஒரு சிவந்த இடம், ஆறாத ஒரு புண் என்றுதான் அது தொடங்குகிறது. நமது நாட்டு ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் இதுவே. வெற்றிலைக் கூறு, புகையிலை, பாக்கு என்பனவே பிரதான காரணிகள். புகையிலை சேராத பாக்குக்கூட புற்றுநோயை உண்டாக்கும் என 2003ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்தது.

இலங்கையில் நடந்து 1984ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வை இங்கு குறிப்பிட வேண்டும். 34 ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுக்கப்பட்டது. அவர்கள் ஒரு வருடத்தில் 28,295 கிராம மக்களின் வாயைப் பரிசோதித்து, 1,220 பேரை மேற்பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மேற்பரிசோதனைக்கு வந்தவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் விடயத்தில் ஊழியர்களின் கணிப்புச் சரியாகவே இருந்தது. ஆனால் வந்தவர்கள் 660 பேர் மாத்திரமே. கண்டுபிடிப்பதில் குறையில்லை, ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் குறை.

தொழில்நுட்பம் முன்னேறிய பின்னரும் இப்பாடம் மாறவில்லை. பெங்களூரில் பல் மருத்துவ நிபுணர்களும் பயோகொன் பவுண்டேஷனும் இணைந்து, கிராம சுகாதார ஊழியர்கள் தொலைபேசியால் வாயைப் படமெடுத்து தூரத்திலுள்ள நிபுணருக்கு அனுப்பும் முறையொன்றை நடத்தி, 2015ஆம் ஆண்டில் அதன் பெறுபேறுகளை வெளியிட்டனர். மலேசியாவின் 'மெமோசா' என்ற செயலியும் இவ்வழியிலேயே அமைந்தது. படம் நிபுணரிடம் நொடியில் போய்விடும். நோயாளி நாற்காலிக்குப் போய்ச் சேர்வது வேறு விடயம்.

ஆகவே மருமகனிடம் சொன்னேன்: "எத்தனை பேர் செயலியை இறக்கினாங்க என்று எனக்குக் கணக்குக் காட்டாதீங்க. எத்தனை பேர் நாற்காலியில இருந்தாங்க என்று காட்டுங்க." நாற்காலி வெறுமையாக இருந்தால் எந்தச் சிகிச்சை நிலையம் மறுமாதம் கட்டணம் செலுத்தும்?

புதிய வடிவம்

செயலி திரும்பவும் கட்டப்பட்டது. ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி, மொத்தம் நான்கு. தமிழிலும் சிங்களத்திலும் குரலே கேட்கும். 'ஆம்', 'இல்லை' என இரண்டு பெரிய பொத்தான்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் பதில்கள் தொலைபேசியில் தங்கி, சிக்னல் கிடைத்ததும் போகும். ஒரே தொலைபேசியில் குடும்பத்தார் அனைவருக்கும் தனித்தனிப் பெயர். செயலி எந்த நோயையும் தீர்மானிக்காது; "டொக்டரிடம் காட்டுங்கள்" என்று மட்டுமே சொல்லும். தனியார் நிலையங்களோடு, இலவசமாகப் பார்க்கும் அரசாங்க ஆஸ்பத்திரிப் பற்பிரிவுகளும் அதில் இருக்கும். முஸ்லிம் கடற்றொழிலாளி கரையில் நிற்பது வெள்ளிக்கிழமை; கத்தோலிக்கச் சகோதரர் நிற்பது ஞாயிற்றுக்கிழமை. எனவே எந்த நாளில் கரையில் நிற்பீர்கள் என்று கேட்டே நேரம் ஒதுக்கும். முதல் நாள் மாலை குரலில் நினைவூட்டும்.

இன்னொன்றையும் வலியுறுத்தினேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவல்களை விசேட வகையாகக் கருதுகின்றது. ஒருவரது வாயின் படம் அவரது அமானிதம். அவரது சம்மதமின்றி அது எவரிடமும் போகக் கூடாது.

எனது வாய்

செயலியில் படமெடுத்துப் பார்க்க ஒரு வாய் தேவைப்பட்டது. எனது வாயைத் திறந்தேன். இடது கன்னத்தின் உட்புறம், முப்பது வருடமாக நான் வெற்றிலையை அடக்கும் இடத்தில், ஒரு வெள்ளைத் தழும்பு. அது இருப்பது எனக்குத் தெரியும். கொதிக்கவில்லை, ஆகவே காட்டவில்லை. சம்மாட்டிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

படத்தைப் பார்த்த பல் டொக்டர் நேரில் வரச் சொன்னார். இரண்டு வெள்ளிக்கிழமைகளைக் கடையைச் சாட்டிக் கடத்தினேன். மூன்றாவது வியாழன் மாலை தொலைபேசி பேசியது. மருமகனின் குரல்தான்: "மாமா, நாளைக்கு ஒன்பது மணி. ஜும்ஆவுக்கு முன்னம் வந்துடலாம்."

போனேன். சிறு துண்டொன்றை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் கவனிக்காவிட்டால் அப்படி மாறக்கூடியது என்றார்கள். வெற்றிலையை அன்றே விட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்டி வருகிறேன். அல்ஹம்துலில்லாஹ்.

மருமகனுக்குப் பணம் கொடுத்தேனா? கொடுத்தேன். இலாபம் இன்னும் வரவில்லை; மாத முடிவில் நாற்காலிக் கணக்கு வருகிறது. செயலி செய்ய நினைக்கும் நமது இளைஞர்களுக்கும், அவர்களுக்கு முதல் போடும் வியாபாரிகளுக்கும் நான் சொல்வது இதுதான்: கணினியைத் திறக்கு முன் ஒரு நாள் வாடிக்கையாளரின் பக்கத்தில் பேசாமல் நின்று பாருங்கள். வெற்றிலை போடும் சகோதரர்கள் கண்ணாடி முன் நின்று வாயையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.