உயிருள்ள திசுவில் இரத்த ஓட்டத்தை அளத்தல்

திசுக்களுக்கு வேண்டிய ஆக்ஸிஜனையும் உணவுச் சத்தையும் இரத்தமே கொண்டு சேர்க்கிறது. இரத்த ஓட்டம் குன்றி ஆக்ஸிஜன் குறைந்த புற்றுக் கட்டிகள் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. ஆகவே, திசுவின் இரத்த ஓட்டத்தை அளத்தல் மருத்துவத்திற்கு இன்றியமையாததாகும்.

நெடுங்காலமாகக் கையாளப்பட்ட முறை ஒன்றில், கதிரியக்கமுள்ள நுண்கோளங்கள் பிராணியின் இதயத்தினுள் செலுத்தப்படும். அவை இரத்தத்துடன் சென்று தந்துகிகளில் சிக்கிக்கொள்ளும். அவற்றைக் கணக்கிடப் பிராணியைக் கொன்று திசுவை வெட்டியெடுக்க வேண்டும். எனவே, திசுவை வெட்டியெடுத்தபின் அதே பிராணியை மீண்டும் அளக்க வழியில்லை.

இக்குறையைக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை முறை நீக்குகிறது. வலிய காந்தப் புலத்தில், காந்தத் தன்மையுடைய ஒவ்வொரு வகை அணுக்கருவும் தனக்குரிய ரேடியோ அதிர்வெண்ணில் குறிப்பலை தருகிறது. 1 டெஸ்லா புலத்தில் சாதாரண ஹைட்ரஜனின் அதிர்வெண் 42.6 மெகாஹெர்ட்ஸ், கன ஹைட்ரஜனாகிய டியூட்டிரியத்தின் அதிர்வெண் 6.5 மெகாஹெர்ட்ஸ். ஆதலால், இரண்டும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை.

கதிரியக்கமற்ற கனநீரைச் சுவடு காட்டும் பொருளாகக் கொண்டு, 1987இல் அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆக்கர்மனும் அவருடைய துணைவர்களும் இம்முறையை எலிகளில் செய்து காட்டினர். மயக்கமூட்டப்பட்ட பிராணியின் திசுவின்மேல் சிறு கம்பிச் சுருள் வைக்கப்படுகிறது. இயற்கை நீரில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று டியூட்டிரியமாக இருப்பதால், தொடக்கத்தில் கிடைக்கும் சிறு குறிப்பலையே அளவுகோலாக உதவுகிறது. பின்னர், கனநீர் கலந்த உப்புக் கரைசல் திசுவிலோ அதற்குச் செல்லும் தமனியிலோ செலுத்தப்படுகிறது. குறிப்பலை திடீரென உயரும். புதிய இரத்தம் கனநீரை அடித்துச் செல்லச் செல்ல அது தாழும். கனநீர் உடல் முழுவதும் பரவுவதால், குறிப்பலை பழைய அளவைவிடச் சற்று உயர்ந்த நிலையில் அமையும்.

அந்நிலைக்கு மேற்பட்ட பகுதி 1 நிமிடத்தில் பாதியாகிறது என்று கொள்வோம். 0.693ஐ அந்நேரத்தால் வகுத்து, திசுவுக்கும் இரத்தத்துக்குமிடையே நீர் பகிரப்படும் விகிதத்தால் பெருக்க வேண்டும். அவ்விகிதத்தை எளிமைக்காக 1 மில்லிலிட்டர்/கிராம் எனக் கொண்டால், 100 கிராம் திசுவில் நிமிடத்துக்குச் சுமார் 69 மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது என்பது விடை. 2 நிமிடம் ஆனால் ஓட்டம் அதில் பாதியே.

எனினும், ஓட்டம் மிக விரைவாயின் நீர் முழுவதும் திசுவுடன் கலக்க நேரமிராது. அப்போது விடை உண்மையினும் குறைவாக வரும். மயக்க மருந்தும் இரத்த ஓட்டத்தை மாற்றவல்லது. இவற்றைக் கருத்திற் கொண்டு அளந்தால், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே பிராணியை ஒப்பிடலாம். ஆராய்ச்சியில் பலியாகும் உயிர்களும் குறையும்.