பறவைகளைப் படம் பிடிக்க எந்த லென்ஸ்?

எங்கள் அலுவலகத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள், மதிய உணவு வேளையில் என்னிடம் வந்தார். அகவிலைப்படி நிலுவைத் தொகை அவர் கைக்கு வந்திருந்தது. "சார், பறவைகளைப் படம் பிடிக்கப் பெரிய லென்ஸ் ஒன்று வாங்கப் போகிறேன். நானூறு மில்லிமீட்டர் போதுமா, அறுநூறு வேண்டுமா?" என்று கேட்டார். "எந்தப் பறவையை, எங்கே நின்று, எந்த நேரத்தில் எடுக்கப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் சற்றே திகைத்தார். அவர் ஏறி இறங்கிய கடைகளில் எவரும் அவரிடம் அப்படிக் கேட்டிருக்கவில்லை.

ஊரை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்கின்ற நமக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை சிறிது நீளமானது. போய்வர உறவினர் வீடுகள் அதிகமில்லை. அந்தப் பொழுதைப் பறவைகளுக்கு அளித்திருக்கும் தமிழ் அன்பர்கள் இன்று பலர். அவர்களுள் காமிரா வைத்திருப்போர் அனைவரையும் ஒரு நாள் இந்த லென்ஸ் கேள்வி வந்து பிடித்துக்கொள்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அது சிறிய செலவன்று. ஆகவே அதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். லென்ஸின் மேல் 400 மில்லிமீட்டர் என்று பொறித்திருப்பது அதன் குவியத் தூரம் ஆகும். பறவையின் நீளத்தைக் குவியத் தூரத்தால் பெருக்கி, நமக்கும் பறவைக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால், காமிராவின் சென்சார் மேல் விழும் பிம்பத்தின் நீளம் கிடைக்கும். சிட்டுக்குருவி சுமார் 15 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அது 10 மீட்டர் தூரத்தில் அமர்ந்திருந்தால், 400 மில்லிமீட்டர் லென்ஸில் அதன் பிம்பம் 6 மில்லிமீட்டர். பெரிய வகைச் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர் ஆதலால், படத்தில் குருவி ஆறில் ஒரு பங்கை நிரப்பும். பலரிடமும் உள்ள சிறிய வகைச் சென்சாரின் அகலம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். அதில் நான்கில் ஒரு பங்கை நிரப்பும். சிறிய சென்சார் பறவையைப் பெரிதாக்குவதில்லை. சுற்றிலும் உள்ள வெற்றிடத்தை வெட்டி எறிகிறது, அவ்வளவே.

இந்தக் கணக்கில் ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. குவியத் தூரத்தை இரட்டிப்பாக்கினாலும், நாம் நிற்கும் தூரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் பிம்பம் ஒரே அளவுக்குத்தான் வளர்கிறது. முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்குப் பறவையின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் இடத்துக்கு இடம் மாறுபடுகின்றது.

தில்லி மிருகக்காட்சிசாலையை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள குளங்களின் நடுவே நிற்கும் மரங்களில், 1960 முதல், காட்டில் சுதந்திரமாகத் திரியும் மஞ்சள் மூக்கு நாரைகள் தாமாகவே வந்து கூடு கட்டுகின்றன. கரையில் மனிதர் கூட்டம் நடமாடுவதை அவை பொருட்படுத்துவதில்லை. மூன்று அடி உயரமுள்ள நாரை முப்பது மீட்டர் தூரத்தில் நின்றால், 300 மில்லிமீட்டர் லென்ஸே 9 மில்லிமீட்டர் பிம்பத்தைத் தந்துவிடும். அங்கே அறுநூறைக் கொண்டுபோக வேண்டிய அவசியமில்லை.

பரத்பூர் வேறு விதம். 1985 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் அந்தக் கேவலாதேவ் பூங்காவில், சதுப்பு நிலத்தின் ஊடே செல்லும் கரைப்பாதைகளில் சைக்கிள் ரிக்ஷாவில் போகலாம். ரிக்ஷா ஓட்டுபவரே பறவைகளை இனங்காட்டும் வழிகாட்டியாகவும் இருப்பார். பாதையோரப் பறவைகள் மனிதருக்குப் பழகியவை. அங்கே 400 நல்ல துணை. தாணே கடற்கழியில் பூநாரைகளைப் படகிலிருந்து காண்போருக்கு முக்காலி பயன்படாது. படகோடு அதுவும் ஆடும். கையில் பிடிக்கத்தக்க, குவியத் தூரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் ஜூம் லென்ஸே அங்கு ஏற்றது. ஓக்லாவில் யமுனையின் அகன்ற நீர்ப்பரப்பிலோ, எண்பது மீட்டருக்கு அப்பால் மிதக்கும் வாத்தினை 600 மில்லிமீட்டர் லென்ஸும் 4 மில்லிமீட்டருக்குக் குறைவாகவே காட்டும். அன்றியும், வெயில் ஏறியபின் நீருக்கும் நிலத்துக்கும் மேலுள்ள காற்று அலைபாயத் தொடங்கும். அந்தக் கலக்கத்தை எந்த லென்ஸாலும் தீர்க்க முடியாது. அத்தகைய வாத்தினைப் பைனாகுலரில் கண்டு மகிழ்ந்து திரும்புவதே விவேகம்.

பறவையின் சம்மதம் என்றேன். அதைப் பெறாமல் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்புக்கு அப்பாலிருந்த திறந்த வெளியில் ஆள்காட்டிக் குருவி ஒன்று அடைகாப்பதைக் கண்டேன். இந்தியில் அதனை அதன் குரலைக் கொண்டு 'டிட்டிஹரி' என்பார்கள். தமிழோ அது செய்யும் காரியத்தைக் கொண்டு பெயரிட்டிருக்கிறது. என்னிடம் அப்போதிருந்தது 250 மில்லிமீட்டர் லென்ஸ். பறவை படத்தின் பாதியை நிரப்ப வேண்டுமானால் நான் ஏழு மீட்டர் தூரத்துக்குள் நெருங்க வேண்டியிருந்தது, நெருங்கினேன். ஆள்காட்டி எழுந்து, தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கதறியது. வெறும் தரையில், கற்களின் நடுவே, நான்கு முட்டைகள் வெயிலில் கிடந்தன. கோடைகாலத்தில் அந்தப் பறவை தன் வயிற்று இறகுகளை நீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர்விக்கும் என்பதை நான் அப்போது அறியேன். அரை மணி நேரம் நின்றேன். எனக்குக் கிடைத்தது, வாய் திறந்து அலறும் ஒரு தாயின் படம். மறு ஞாயிறு சென்று பார்த்தபோது அங்கு முட்டை ஓடுகூட இல்லை. நாய் கொண்டுபோயிற்றா, காகம் கொண்டுபோயிற்றா, அவற்றுக்கு நான்தான் இடத்தைக் காட்டிக்கொடுத்தேனா, தெரியாது. அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை.

சட்டங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். ஒரு சொல்லுக்குச் சட்டம் தரும் பொருளை எடைபோட்டே வயிறு வளர்ப்பவன் நான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டையாடுதல்' என்னும் சொல்லுக்கு உள்ள விளக்கத்தைப் பின்னொரு நாள் படித்தேன். பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதும்கூட அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்று அதில் கண்டிருக்கிறது. துப்பாக்கியைத் தொட்டறியாத நான் அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

நீண்ட லென்ஸ் இருந்திருந்தால் இந்தப் பிழை நேர்ந்திராதா? ஓரளவு உண்மை. 600 மில்லிமீட்டர் லென்ஸில் அதே அளவுப் படத்தைப் பதினேழு மீட்டர் தூரத்திலிருந்து எடுக்கலாம். ஆனால் முட்டையிட்ட ஆள்காட்டி அந்தத் தூரத்திலும் கதறும். ஆகவே நீண்ட லென்ஸ் நம்மை நாலடி பின்னே நிறுத்த உதவுமேயன்றி, கூட்டருகே செல்ல உரிமைச் சீட்டாகாது. பறவை தலை நிமிர்த்தி நம்மையே உற்று நோக்கினாலும், மேய்வதை நிறுத்தினாலும், இடம் மாறி நடந்தாலும் நாம் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று அறிந்து பின்வாங்க வேண்டும்.

இனி, ஒளியைப் பற்றி. லென்ஸில் எஃப் 4, எஃப் 6.3 என்று குறித்திருக்கும் எண், ஒளி புகும் வாயின் அளவைச் சொல்வது. எண் சிறிதானால் வாய் பெரிது. 600 மில்லிமீட்டரை 4ஆல் வகுத்தால் 150. அதாவது முகப்புக் கண்ணாடி 15 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். எஃப் 6.3 என்றால் 95 மில்லிமீட்டர் போதும். முன்னது பின்னதைக் காட்டிலும் இரண்டரை மடங்கு ஒளியை வாங்கும். ஆனால் அதன் எடை சுமார் 3 கிலோ; விலை பத்து லட்சம் ரூபாயைக் கடப்பதும் உண்டு. பின்னது 150 முதல் 600 வரை செல்லும் ஜூம் வகையில் 2 கிலோ அளவில், ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய்க்குக் கிடைக்கும்.

அந்த ஒளி எதற்கு? பறவை அசைவது, பறப்பது. கிளையில் அமர்ந்திருக்கும் சிறு குருவிக்கு ஒரு வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் போதலாம். சிறகடிக்கும் பறவைக்கு இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வரை வேண்டும். ஒளி போதாவிடில் ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்த நேரிடும்; படம் மணல் தூவியதுபோல் பொரிந்து தோன்றும். தில்லியின் மார்கழி மூடுபனியிலும், கொல்கத்தா ரவீந்திர சரோவரின் மரநிழலிலும் இதனை நன்கு உணரலாம். திறந்தவெளியில், வெயில் வந்தபின் படமெடுப்பவருக்கு எஃப் 6.3 குறையாகத் தோன்றாது.

இங்கே இரண்டு மயக்கங்களைத் தெளிவுபடுத்த வேண்டும். கை நடுக்கத்தைத் தணிக்கும் வசதி இப்போது பெரும்பாலான லென்ஸ்களில் உண்டு. அது நம் கையின் நடுக்கத்தைத்தான் தணிக்கும். பறவையின் அசைவை நிறுத்தாது. இரண்டாவது, லென்ஸுக்கும் காமிராவுக்கும் இடையே பொருத்தும் பெருக்கி. 1.4 மடங்குப் பெருக்கி ஒளியைப் பாதியாக்கும். 2 மடங்குப் பெருக்கி நான்கில் ஒன்றாக்கும். எஃப் 6.3 லென்ஸின் பின்னே அதனைப் பொருத்துவது, ஏற்கெனவே நீர்த்த மோரில் மேலும் நீர் வார்ப்பது போன்றது.

எடையை எவரும் கடையில் உணர்வதில்லை; மூன்றாவது கிலோமீட்டரில்தான் உணர்கிறார்கள். நம்மில் பலர் மெட்ரோவிலும் பேருந்திலும் சென்று, பிறகு நடப்பவர்கள். வீட்டு அலமாரியில் உறங்கும் மூன்று கிலோ லென்ஸைக் காட்டிலும் தோளில் தொங்கும் ஒன்றரைக் கிலோ லென்ஸ் அதிகப் பறவைகளைக் காணும். எழுத்தாளர் மாதவையாவின் புதல்வரும், இந்நாட்டு வனவிலங்குப் படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவருமான மா. கிருஷ்ணன், பல பாகங்களைத் தாமே இணைத்து அமைத்த காமிராவைக் கொண்டே கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். கருவியின் குறையை அவர் பறவைகளையும் விலங்குகளையும் பற்றிய தம் அறிவால் ஈடுசெய்தார்.

பழைய லென்ஸ் வாங்குவதில் தவறில்லை. பாதி விலைக்கும் கிடைக்கலாம். ஆனால் கைவிளக்கை ஒரு முனையில் பிடித்து மறுமுனை வழியே நோக்குங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று நகரங்களில் இந்நோய் அதிகம். அதனை வாங்காதீர்கள். நல்ல லென்ஸையும் தோலுறையில் பூட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைத்தல் நலம். பொட்டலங்கள் ஈரமேறினால் மாற்ற வேண்டும்.

எனவே முறை இதுதான். நீங்கள் அடிக்கடி செல்லும் இடம் எது, அங்கே பறவை அமைதி குலையாமல் எவ்வளவு தூரம் வர விடுகிறது என்று முதலில் காமிரா இல்லாமலேயே பாருங்கள். அந்தத் தூரத்தைக் கணக்கில் இடுங்கள். பிறகு ஒளி, பிறகு தோள், பிறகு பணப்பை. பெரிய நகரங்களில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. இரண்டு ஞாயிறுகள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குவது, வாங்கிவிட்டு வருந்துவதைவிட மலிவு. தொடக்கநிலையினருக்கு 100 முதல் 400 வரை செல்லும் ஜூம் லென்ஸையே நான் பரிந்துரைப்பேன். நீர்நிலைகளையே நாடிச் செல்பவர் 600 வரை செல்லும் ஜூமை எண்ணிப் பார்க்கலாம்.

அந்த இளைஞர் அவ்வாறே இருவகை லென்ஸ்களையும் வாடகைக்கு எடுத்துப் பார்த்து, முடிவில் பழைய 100-400 ஒன்றை வாங்கினார். மீதிப் பணத்தை ஊருக்கு அனுப்பினார். பிப்ரவரியில் ஒரு நாள், சுல்தான்பூர் ஏரிக்கரையில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். வரித்தலை வாத்து ஒன்று, கழுத்தைத் திருப்பி அலகை முதுகிறகுகளுக்குள் செருகி உறங்கிக்கொண்டிருந்தது. இமயத்துக்கு அப்பாலிருந்து மலையைக் கடந்து வரும் பறவை அது. படத்தில் அது சிறியதாகவே இருந்தது. சுற்றிலும் புல்லும், அதன் மேல் பனித்துளியும் தெரிந்தன.

"சார், இந்த வாத்து எங்கள் ஊர்ப்பக்கம் கூந்தன்குளத்துக்கும் வரும். சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்" என்றார்.

"இன்னும் கொஞ்சம் நெருங்கியிருக்கலாமே?" என்று நான் வேண்டுமென்றே கேட்டேன்.

"நெருங்கினால் விழித்துக்கொள்ளும், சார்" என்றார் அவர்.