கீமோ ஏற்றுபவருக்கு இரத்தம் குறைந்தால்

"மருந்து ஏத்துன பொறகு லயத்துப் படி ஏற முடியல ஐயா. அந்த மருந்துதான் என் ரத்தத்த உறிஞ்சுது. இனிமே போகமாட்டேன்."

மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஓர் அக்கா என்னிடம் இப்படிச் சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மை. கீமோ மருந்தால் இரத்தம் குறைவது உண்டு. ஆனால் அதற்காகக் கிளினிக்கை நிறுத்தக்கூடாது. இரத்தக் குறைவுக்கும் அங்கேயே வைத்தியம் இருக்கிறது.

ஏன் குறைகிறது?

இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்கள்தான் உடம்பு முழுவதும் ஒட்சிசனைக் கொண்டுபோகின்றன. அவை எலும்புக்குள் உள்ள மச்சையில் உற்பத்தியாகி, சுமார் 120 நாட்கள் இருக்கும். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் கலங்களை அழிக்கிறது. புற்றுநோய்க் கலங்களைப் போல மச்சையும் வேகமாக வேலை செய்வதால் அதுவும் அடிபடுகிறது. சாப்பாடு இறங்காததாலும், உள்ளே இரத்தம் கசிவதாலும் கூட இரத்தம் குறையலாம்.

அடையாளங்கள்

களைப்பு, மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடப்பு, தலைசுற்று, கண்ணின் கீழ் இமையின் உட்பக்கம் வெளிறிப்போதல். வீட்டிலுள்ளவர்கள் இதைச் சோம்பல் என்று ஏசாதீர்கள். தண்ணீர் சுமப்பது, விறகு எடுப்பது போன்ற வேலைகளை மற்றவர்கள் செய்யுங்கள்.

என்ன வைத்தியம்?

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் அளவு பார்ப்பார்கள். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச் சோகை. காரணத்தைப் பார்த்துத்தான் வைத்தியம் செய்வார்கள்.

1. மிகவும் குறைந்தால், அல்லது மூச்சு வாங்கினால், இரத்தம் ஏற்றுவார்கள். ஒரு பை ஏற்றினால் ஏறக்குறைய 1 கிராம் கூடும். ஏற்றும்போது குளிர், நடுக்கம், அரிப்பு, முதுகுவலி வந்தால் உடனே தாதியிடம் சொல்ல வேண்டும். "ரத்தத்துக்கு ஆள் தேடணுமே" என்று பயப்பட வேண்டாம். 2014ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு இரத்த வங்கி முழுவதும் தொண்டர் கொடையிலேயே நடக்கிறது.

2. இரும்புச்சத்து குறைந்திருந்தால் மட்டும் அதற்குரிய குளிசையோ ஊசியோ தருவார்கள். கர்ப்பிணி மகளுக்குக் கொடுத்த குளிசையை எடுத்து நீங்களாகக் குடிக்காதீர்கள். பல தடவை இரத்தம் ஏற்றியவர்களுக்கு உடம்பில் இரும்பு கூடிப்போகவும் இடமுண்டு.

3. சிவப்பு அணுவைப் பெருக்கும் ஊசியும் உண்டு. அதனால் இரத்தக் கட்டி உண்டாகும் ஆபத்து இருப்பதால் எல்லோருக்கும் போடமாட்டார்கள்.

சாப்பாடு

முட்டை, மீன், நெத்தலிக் கருவாடு, பருப்பு, நன்றாகக் கழுவி வேகவைத்த கீரை நல்லது. சோற்றில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விடுங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்பு உடம்பில் சேராது. ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள். ஆனால் சாப்பாடு மட்டும் போதும் என்று கிளினிக்கை விட்டுவிடக்கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்கு

இருந்த இடத்திலேயே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மயங்கினால், மலம் தார் போல் கறுத்தால், இரத்தம் வடிந்தால் காத்திருக்காதீர்கள். காய்ச்சல் 38 பாகைக்கு (பரனைட் 100.4) ஏறினாலும் இரவென்று பார்க்காமல் போங்கள். அது கிருமி தொற்றியதாக இருக்கலாம்.

அந்த அக்கா மறுநாள் கிளினிக் கொப்பியுடன் போனார். இரண்டு பை இரத்தம் ஏற்றி, ஒரு கிழமை கழித்து அடுத்த கீமோவும் கொடுத்தார்கள். உங்கள் லயத்திலும் இப்படிக் களைத்து உட்கார்ந்திருப்பவர் இருந்தால் தோட்ட டிஸ்பென்சரியிலோ என்னிடமோ சொல்லுங்கள். போக வழியில்லை என்றாலும் வந்து சொல்லுங்கள்.