வலைக்கு ஈயமணி வார்த்தல்: கவனிக்க வேண்டியவை

அத்திப்பட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் நிலமும் நீரும் சேர்ந்தே குடிகளுக்குப் பிழைப்பளித்து வருகின்றன. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்திலும் எண்ணூர் உப்பங்கழியிலும் வீச்சுவலை எறிந்து இறாலும் மடவையும் பிடிப்போர், வீட்டில் ஆடும் கோழியும் வளர்ப்பர். புழக்கடையில் கீரை விதைப்பர். வீச்சுவலையின் விளிம்பில் கோக்க வேண்டிய ஈயமணிகளைச் சிலர் அதே புழக்கடையில் தாமே வார்த்துக்கொள்வதும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழியில் பரவியபோது வலைகள் பல படிந்து வீணாயின. வீணான வலையினின்று மணிகளைக் கழற்றி உருக்கிப் புது வலைக்குச் சேர்ப்பது சிக்கனமே. எனினும் முறையறியாது செய்தால் அச்சிக்கனம் வீட்டுக் குழந்தைகளின் அறிவை விலையாகக் கேட்கும்.

முதற்கண் பெயரைப் பற்றிய ஒரு மயக்கத்தை நீக்குதல் நலம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆவது. வலைமணியோ காரீயம், அது விஷம். இரண்டையும் ஒரே பெயரால் வழங்குவதால், ‘ஈயம் சமையலுக்கே ஆகிறதே, இதில் என்ன தீங்கு?’ என்று கேட்போர் உளர். காரீயம் கலந்த சொம்பில் புளிக்கரைசல் கொதித்தால் அவ்வுலோகம் ரசத்தில் கரைந்து இறங்கும் என்பதை இவர்கள் அறிதல் வேண்டும்.

காரீயம் நீரைப்போல் பதினொரு மடங்குக்கு மேல் கனமுள்ளது. 327 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்திலேயே உருகும். ஆகையால் விறகடுப்பே போதும். வலைஞர் அதனை விரும்புவதற்கு இவையே காரணம். கையால் தொடுவதனால் விஷம் அதிகமாக ஏறுவதில்லை. உருக்கும்போது எழும் புகையை முகர்வதாலும், மேலே படரும் சாம்பல்போன்ற கசடு தூளாகி விரல்வழியே வாய்க்குச் செல்வதாலுமே உடலுக்குள் புகுகின்றது. வயது வந்தோரைவிடக் குழந்தைகளின் குடல் இவ்விஷத்தை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். உட்சென்றது எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, கர்ப்ப காலத்தில் மீண்டும் இரத்தத்திற் கலந்து சிசுவையும் அடையும். இவ்வளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. சென்னைப் பள்ளிச் சிறுவர் 756 பேரைச் சோதித்து 2009இல் வெளியான ஆராய்ச்சியில், டெசிலிட்டர் இரத்தத்திற்குச் சராசரி 11.4 மைக்ரோகிராம் காரீயம் காணப்பட்டது. அளவு மிகுந்தவரிடம் கவனக்குறைவு முதலிய நடத்தைக் கோளாறுகளும் மிகுந்திருந்தன.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் செனகல் நாட்டில் தியாரோய் சுர் மேர் என்னும் மீனவர் ஊர் ஒன்றுண்டு. அவ்வூர்க் கொல்லர்கள் பழைய மோட்டார் பேட்டரிகளை உடைத்து, அக்காரீயத்தை வலைகளுக்குக் குண்டாக வார்த்து வந்தனர். தூளும் துணுக்கும் ஆண்டுக்கணக்காக மணலிற் படிந்தன. உலகச் சந்தையில் விலை ஏறியதும் அம்மணலையே தோண்டிச் சலித்து விற்கத் தொடங்கினர். மூட்டைகள் வீட்டுக்குள்ளும் வந்து சேர்ந்தன. 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தன. வலைக்கு மணி வார்ப்பதாகத் தொடங்கிய தொழிலே இந்த முடிவுக்கு வந்தது என்பதனால், நம் கரையோர ஊர்கள் இதனை அயல்நாட்டுச் செய்தி என்று தள்ளிவிடுதல் தகாது.

பேட்டரிக் காரீயத்தை எக்காரணத்தாலும் வீட்டில் உருக்கலாகாது. அதில் கந்தகத் திராவகமும் காரீய உப்பும் ஒட்டியிருக்கும். ஆன்டிமனி, ஆர்செனிக் ஆகியவையும் கலந்திருப்பதுண்டு. அதன் கசடு நனைந்தால் உயிர்கொல்லும் வாயு எழக்கூடும். பழைய பேட்டரிகளைப் பதிவுபெற்ற இடங்களிலேயே ஒப்படைக்க வேண்டுமென 2022ஆம் ஆண்டு விதிகளும் கூறுகின்றன.

உருக்காமலே மணி செய்தல் எல்லாவற்றிலும் சிறந்தது. மெல்லிய காரீயத் தகட்டைக் கத்தரியால் சிறு துண்டுகளாக வெட்டி, அடிக்கயிற்றின்மேல் சுருட்டிச் சுத்தியால் மெதுவாகத் தட்டினால் மணி இறுகிக்கொள்ளும். இதில் புகையும் கசடும் இல்லை. பல்லால் கடித்து இறுக்கும் வழக்கத்தை அடியோடு விடவேண்டும். சிலரிடம் அது பாட்டன் காலத்திலிருந்து வருவதாம். பாட்டனுக்கும் அது நன்மை செய்திராது.

வார்த்தே தீரவேண்டுமாயின், வீட்டையும் கிணற்றையும் கீரைப்பாத்தியையும் விட்டு விலகிய வெட்டவெளியில், மழையில்லாத நாளில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்தல் வேண்டும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அவ்விடத்தில் இருத்தல் கூடாது. கனத்த இரும்புச் சட்டியும் இரும்புக் கரண்டியும் இதற்கென்றே தனியே வைத்துக்கொள்ளவேண்டும். அவை மீண்டும் சமையலுக்கு வரலாகாது. தோற்செருப்பு அல்லது மூடிய ஜோடு, முழுக்கைப் பருத்திச் சட்டை, கண்ணாடி, தோலுறை ஆகியவை அவசியம். முகத்தில் துணி கட்டிக்கொள்வது புகையைத் தடுக்காது. உலோகப் புகைக்கென்று செய்த வடிகட்டியுள்ள முகமூடியே வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய அபாயம் ஈரம். உருகிய உலோகத்தின் அடியில் ஒரு துளி ஜலம் அகப்பட்டாலும் அது நொடியில் 1,600 மடங்குக்கு மேல் விரிந்து ஆவியாகி, சட்டியில் உள்ளதை முகத்தில் வாரி இறைத்துவிடும். கழியில் கிடந்த மணிகளின் துளைக்குள் உப்புநீரும் சேறும் எப்போதும் இருக்கும். ஆகையால் பழைய மணிகளைச் சோப்பு நீரில் எண்ணெய் போகக் கழுவி, கயிற்றுத் துணுக்குகளை அகற்றி, நன்றாய் வெயிலில் உலர்த்தி, முழுவதையும் அடுப்பேற்றுமுன்பே சட்டியில் இடவேண்டும். உருகிக்கொண்டிருக்கும்போது புது மணியைப் போடுதல் கூடாது. அச்சு மாக்கல்லாயினும் இரும்பாயினும் முன்னதாகச் சூடேற்றி ஈரம் போக்கவேண்டும். ஈர மணலிலும் பச்சைக் களிமண்ணிலும் வார்ப்பது விபத்தை அழைப்பதாகும்.

உலர்ந்த ஈர்க்கை உள்ளே விட்டால் கருகுமானால் வார்க்கும் பதம் வந்துவிட்டது. சட்டியின் அடி மங்கலாகச் சிவக்குமளவு எரிக்கலாகாது. உஷ்ணம் 500 டிகிரியை நெருங்குந்தோறும் விஷப்புகை பெருகும். கசடை மெல்ல ஒதுக்கி மூடியுள்ள தகரத்தில் இடுக. மீந்த காரீயத்தைச் சட்டியிலேயே ஆறவிடுக. தண்ணீர் ஊற்றி ஆற்றுதல் கூடாது. மேனியில் தெறித்தால், ஒட்டிய உலோகத்தைப் பிய்க்காமல், இருபது நிமிஷம் குளிர்ந்த நீரை ஓடவிட்டு வைத்தியரிடம் செல்லவேண்டும்.

வேலை முடியுமட்டும் வெற்றிலையும் பீடியும் வேண்டாம். பின்னர்க் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, குளித்து, அத்துணியைத் தனியே துவைக்கவேண்டும். தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூள் கிளம்பும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அத்துணியையும் தகரத்தில் சேர்க்க. மண்ணிற் கலந்த காரீயம் அழுகி மறைவதில்லை; அங்கே பறித்த கீரையில் அது தூளாய் ஒட்டிவரும். கோழியும் வாத்தும் சிதறிய மணிகளைக் கல்லென்று கொத்தும். அவை இரைப்பையில் தேய்ந்து விஷமாகும். எறிந்த பேட்டரித் தகட்டை நக்கிய மாடுகள் கண் தெரியாமல் சுற்றி, பல்லைக் கடித்து, வலிப்புற்று மடிவது கால்நடை வைத்தியர் நன்கறிந்ததே.

காரீயத்துக்கு மாற்று உண்டா என்று கேட்கலாம். கடல்நீரில் 100 கிராம் காரீயத்துக்கு ஈடான இழுப்பைச் சுமார் 105 கிராம் இரும்பு தரும். துருப்பிடிப்பது ஒன்றே குறை. சுட்ட களிமண் குண்டாயின் ஏறக்குறைய 185 கிராம் வேண்டும், பருமனோ பத்து மடங்காகும். ஆகவே, நிறுத்திக் கட்டும் வலைகளுக்கு மண்குண்டு ஏற்கும்; விரைந்து மூழ்க வேண்டிய வீச்சுவலைக்கு ஒவ்வாது. அதற்கு இரும்புச் சங்கிலியைப் பரீட்சித்துப் பார்க்கலாம்.

முன்பே வார்த்துவந்த வீடுகளில் வயிற்றுப் பிடிப்பு, மலச்சிக்கல், சோகை, மணிக்கட்டுத் தளர்ச்சி, பிள்ளைகளின் மந்தம் ஆகியவை காணப்பட்டால், வார்த்துவந்த விவரத்தை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லி இரத்தத்தில் காரீய அளவைச் சோதிக்கச் செய்யவேண்டும். கேழ்வரகு, பால், முருங்கைக்கீரை ஆகிய சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் உள்ள ஆகாரம் விஷம் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அந்த முருங்கை மட்டும் வார்த்த இடத்தருகே நின்ற மரமாக இருத்தல் கூடாது.